பதிலி

சிவசைலம் எழுபத்தொரு முறை ரத்தம் கொடுத்தவர். அம்பாசமுத்திரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் முதலில் அவருக்குத்தான் போன் வரும். தன்னால் கொடுக்க முடியாத வயது வந்த பின் பழைய மாணவர்களில் யாரையாவது பிடித்து அனுப்பி வைப்பார். வாத்தியாரிடம் போய் ஒன்று கேட்டு இல்லையென்று திரும்பியவர் கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். அவரும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தார்.

அந்த மே மாதம், ஓசூரில் மகள் கட்டியிருந்த புது வீட்டுக்குப் பால் காய்ச்சும் விசேஷம். மனைவி செண்பகவல்லியோடு மின்காரில் கிளம்பினார். கோடையில் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டக் கூடாதென்று சட்டம் வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. மாலையில் கிளம்பினாலும் நெடுந்தூரம் போக முடியாது. இரவு பதினொரு மணிக்கு எல்லா இடத்திலும் வண்டிகளுக்குக் கரண்டை நிறுத்திவிடுவார்கள், வீடுகளுக்கே பற்றவில்லை. மறுபடி காலை நாலு மணிக்குத்தான் விடுவார்கள். அதனால் தூரப் பயணம் போகிறவர்கள் வழியில் ஏதாவது ஒரு சார்ஜ் பேட்டையில் வண்டியை நிறுத்தி, வண்டிக்குள்ளேயே படுத்துத் தூங்கினார்கள். வெளியே நடுராத்திரியிலும் முப்பத்தெட்டு டிகிரி. உள்ளே ஏசி ஓடும். பேட்டரியில் பாதி இருந்தால் விடியும் வரை கவலையில்லை.

அவர்கள் பரமத்தி வேலூர் தாண்டி ஒரு பேட்டையில் நின்றபோது மணி ஒன்பதரை. முப்பது வண்டிகள் நிற்கும் இடம். பக்கத்தில் ஒரு பழைய வண்டி நின்றது. பல கைமாறி வந்தது என்பது பார்த்தாலே தெரிந்தது. அதன் பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பெண் கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். மூக்கில் மெல்லிய குழாய். அது வண்டிக்குள் வண்டிக் கரண்டிலேயே ஓடிய ஒரு சிறிய ஆக்சிஜன் பெட்டிக்குப் போனது. பெட்டி சீராக இரைந்துகொண்டிருந்தது.

சிவசைலம் காலாற நடந்துவிட்டுத் திரும்பும்போது அவள் கணவன்தான் முதலில் பேச்சுக் கொடுத்தான். மாரப்பன் என்று பேர். தாராபுரத்துப் பக்கம். மனைவி சரசாளுக்கு மறுநாள் பெங்களூரில் நுரையீரல் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தார்கள்.

"இருவத்திரண்டு வருசம் நூல் மில்லுல இருந்தாளுங்க சார். நெஞ்சு பூராப் பஞ்சுதான்னு டாக்டர் சொல்றாருங்க" என்றான்.

"அந்தப் பஞ்சை எடுத்தாக்க ரெண்டு தலகாணி தைக்கலாமுங்க" என்றாள் சரசாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி நிற்கச் சற்று நேரம் ஆயிற்று.

செண்பகவல்லி கொண்டு வந்திருந்த எலுமிச்சை சாதத்தில் பாதியை ஒரு தட்டில் வைத்து அவர்களுக்குக் கொடுத்தாள். சாப்பிட்டுக்கொண்டே மாரப்பன் தன் வண்டியின் திரையைக் காட்டிக் கேட்டான்.

"ஏனுங்க சார், வண்டி வாங்கி ஒரு மாசந்தானுங்க ஆச்சு. பதிலி, பதிலின்னு என்னமோ காட்டுதுங்களே. அது என்னங்க?"

விளக்கிச் சொல்வது சிவசைலத்துக்குப் பிடித்த காரியம். "இங்க நிக்கிற எல்லா வண்டியையும் ஒரு கேபிள் சேர்த்திருக்குல்லா. ராத்திரி உங்க வண்டியில சார்ஜ் குறைஞ்சா, அதுவே பக்கத்து வண்டிகள்ட்ட கேக்கும். குடுக்கதும் குடுக்காததும் அந்தந்த ஆள் இஷ்டம். ஆனா எல்லாரும் தூங்கிக்கிட்டு இருப்பாங்களே, யார்ட்ட கேக்க? அதுக்குத்தான் பதிலி. நீங்க முழிச்சிருக்கும்போது என்ன பதில் சொல்லுதீங்க, யாருக்குக் குடுக்கீங்க, யாருக்கு மாட்டேங்கீங்கன்னு பார்த்துப் பார்த்து உங்க சுபாவத்தை அது படிச்சு வச்சிருக்கும். நீங்க தூங்கும்போது உங்களுக்குப் பதிலா அது பதில் சொல்லும்."

"அப்ப உங்க வண்டி என்னங்க சொல்லும்?"

"ரெண்டு வருசத்துல யார் கேட்டும் நான் இல்லைன்னு சொன்னது கிடையாது" என்றார் சிவசைலம். "அதுவும் சொல்லாது."

"அப்ப உங்களுக்குப் பக்கத்துல நிறுத்துனது நல்லதாப் போச்சுங்க" என்றாள் சரசாள்.

பதினொரு மணிக்குக் கரண்ட் நின்றது. சிவசைலத்தின் வண்டியில் அறுபத்தெட்டு சதவீதம் ஏறியிருந்தது. இருக்கைகளை மடக்கி மெத்தையை விரித்துப் படுத்தார்கள். கண்ணாடிகள் தானாகக் கருத்தன. ஏசி இருபத்து நாலில் நின்றது. நாலு மணிக்குக் கிளம்பினால்தான் ஓசூருக்கு நேரத்தோடு போக முடியும், தூங்கு, தூங்கு என்று செண்பகவல்லியிடம் இரண்டு மூன்று முறை சொன்னார். அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வெளியே என்ன நடந்தாலும் உள்ளே கேட்காத வண்டி அது. படுத்த ஐந்து நிமிடத்தில் அவர் தூங்கிப் போனார்.

விழித்தபோது யாரோ கண்ணாடியைக் கையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். மணி நாலாக இன்னும் கொஞ்சம் இருந்தது. கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. மாரப்பன் சட்டையெல்லாம் நனைந்து நின்றான்.

"சார், கண்ணு முழிக்க மாட்டீங்கறாளுங்க. வந்து பாருங்க சார்."

அவன் வண்டி உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. திரை இருண்டிருந்தது. பெட்டியின் இரைச்சல் இல்லை. சரசாள் கணவன் படுத்திருந்த பக்கம் திரும்பி, ஒரு கையை அவன் படுத்திருந்த இடத்தின் மேல் போட்டபடி கிடந்தாள். சிவசைலம் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். சூடாகத்தான் இருந்தது, அந்த வண்டியில் எல்லாமே சூடாக இருந்தது. நாடி இல்லை.

"விடியற வரைக்கும் வரும்னுதானுங்க காட்டுச்சு" என்று மாரப்பன் திரும்பத் திரும்பச் சொன்னான். "நான் தூங்கிப்போட்டனுங்க. தூங்கிப்போட்டனுங்க சார்."

ஆம்புலன்ஸ் வந்தது, போலீஸ் வந்தது. பேட்டையின் பொறுப்பாளர் ஷகீலா பானு என்ற முப்பது வயதுப் பெண். அவள் அலுவலக அறையின் திரையில் இரவுக் கணக்கைத் திறந்து போலீஸ்காரரிடம் காட்டினாள். சிவசைலமும் பின்னால் நின்று பார்த்தார்.

"பழைய பேட்டரி சார். சூட்டுல சீக்கிரம் இறங்கிருச்சு. ரெண்டு பத்துக்கு இவர் வண்டி கேட்டிருக்கு. எட்டு சதவீதம் இருந்தாப் போதும்னு கேட்டிருக்கு. குடுக்கற அளவுக்கு சார்ஜ் இருந்தது நாலே வண்டிதான். நாலும் மறுப்பு."

"எந்த நாலு?" என்று கேட்டார் போலீஸ்காரர்.

அவள் எண்களைப் படித்தாள். கடைசி எண் சிவசைலத்தின் வண்டி.

"என் வண்டியா? நல்லாப் பாருங்கம்மா" என்றார்.

"உங்க வண்டிதான் சார். மறுப்புன்னுதான் போட்டிருக்கு."

"நான் சொல்லலியே. நான் தூங்கிக்கிட்டுல்லா இருந்தேன்."

"எல்லாரும் தூங்கிட்டுத்தான் இருந்தாங்க சார். பதிலி சொல்லியிருக்கும்." அவளுக்கும் அது புதிராகத்தான் இருந்தது. "ஆனா மருத்துவம்னு கேட்டா பதிலி பெரும்பாலும் குடுத்துரும் சார். நான் மூணு வருசமா பார்க்கறேன். எப்பவாவதுதான் இப்படி ஆகும்."

எட்டு சதவீதம். நாலு மணிக்குக் கரண்ட் வந்த பின் கால் மணி நேரத்தில் ஏறிவிடும். சிவசைலம் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வெளியே மாரப்பன் யாருக்கோ போனில் விஷயத்தைச் சொல்ல முயன்று, முடியாமல், போனை இன்னொருவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தான். புது வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் போகவில்லை. பிணத்தோடு தாராபுரம் வரை போய், மண் போட்டுவிட்டு, அங்கிருந்தே ஊர் திரும்பினார்கள். வழியெல்லாம் செண்பகவல்லி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊருக்கு வந்து பத்து நாள் சிவசைலம் சரியாகச் சாப்பிடவில்லை. பதினோராம் நாள் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். என் பெயரில், என் குரலில், நான் தூங்கும்போது ஒரு இயந்திரம் இல்லையென்று சொல்லியிருக்கிறது. அந்த இல்லை என்னுடையது அல்ல. ஒரு மனிதனின் மனசாட்சியை இன்னொன்றின் கையில் கொடுக்க எந்தக் கம்பெனிக்கும் உரிமையில்லை என்று எழுதினார். பத்திரிகையில் வந்தது. தொலைக்காட்சியில் கூப்பிட்டார்கள். முப்பது வருடம் வகுப்பில் பேசிப் பழகிய வாய்; கேட்டவர்கள் கலங்கினார்கள். எழுபத்தொரு முறை ரத்தம் கொடுத்தவர் எட்டு சதவீதக் கரண்டை மறுப்பாரா என்று ஊர் ஊராகப் பேசினார்கள். மற்ற மூன்று வண்டிக்காரர்களும் எங்கேயோ ஒளிந்துகொண்டார்கள். வண்டிகளின் மின்பகிர்வுத் தகராறுகளை விசாரிக்கத் திருச்சியில் ஒரு நடுவம் இருந்தது. பதிலியைத் தடை செய்ய வேண்டுமென்று அங்கே வழக்குப் போட்டார். மாரப்பனும் கூடக் கையெழுத்துப் போட்டான்.

விசாரணைக்குப் போகும்போதெல்லாம் மாரப்பன், சுற்றுவழி என்றாலும், முதலில் அம்பாசமுத்திரம் வந்து அவர் வீட்டில் ஒரு நாள் தங்குவான். வரும்போது முருங்கைக்காய், வெங்காயம் என்று எதையாவது பையில் கொண்டு வருவான். பிள்ளைகள் இல்லாதவன். "சரசா போனப்புறம் நானுந் தூக்குல தொங்கிருப்பனுங்க. சார் கையைப் புடிச்சாருங்க" என்று ஒரு நாள் செண்பகவல்லியிடம் சொன்னான். அவள் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அன்று ராத்திரி அவள் கணவனிடம் கேட்டாள்: "இது எதுக்கு நமக்கு? போதும். விட்டுருங்களேன்."

"எப்படி விடச் சொல்லுத? ஒரு உசிரு போயிருக்கு. அதுவும் என் பேரால."

"போன உசிரு வரவா போகுது?"

"இனிமே போகாதுல்லா" என்றார். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளுக்கு இவ்வளவு கல்நெஞ்சா என்று நினைத்துக்கொண்டார். அதன் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

பதிலியைச் செய்த கம்பெனியின் வக்கீல் அலட்டிக்கொள்ளாத மனிதர். பதிலி பத்து முறை கேட்டால் ஏழு முறை கொடுக்கிறது, விழித்திருக்கும் மனிதர்கள் பத்துக்கு மூன்று முறைதான் கொடுக்கிறார்கள் என்று ஒரு கணக்கை நடுவத்தின் முன் வைத்தார். சிவசைலம் அதை நம்பவில்லை. மனிதர்கள் அவ்வளவு மோசமில்லை என்று எழுந்து நின்று சொன்னார். அரங்கில் கைதட்டினார்கள். அந்த வக்கீல் கைதட்டல் ஓயும் வரை பொறுத்திருந்து, "வண்டிக்குள் அன்று நடந்த முழுப் பதிவும் இருக்கிறது. உரிமையாளர் சம்மதம் இல்லாமல் நாங்களே அதைத் திறக்கச் சட்டத்தில் இடமில்லை. ஐயா சம்மதித்தால் எல்லாம் தெரிந்துவிடும்" என்றார்.

"தாராளமாத் திறங்க. எனக்கு மறைக்க ஒண்ணுமில்லை" என்று அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் சிவசைலம்.

அடுத்த விசாரணைக்கு முந்தின நாள். மாரப்பனும் அவர்கள் இருவரும் திருச்சியில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார்கள். பகல் இரண்டு மணிக்குச் சிவசைலத்தின் வழக்கறிஞர் எழிலரசி கூப்பிட்டு, அவரை மட்டும் தன் அலுவலகத்துக்கு வரச் சொன்னாள். ஜன்னல்களை எல்லாம் அடைத்த அறை. அவள் ஒரு தாளை மேசை மேல் வைத்துக்கொண்டு, அதை அவர் பக்கம் தள்ளாமல் பேசினாள்.

"சார், பதிவோட நகலை இன்னிக்குக் காலையில எனக்கு அனுப்பியிருக்காங்க. நடுவத்துல நாளைக்குத்தான் திறப்பாங்க. நீங்க முதல்ல தெரிஞ்சுக்கணும்."

"சொல்லுங்கம்மா."

"ரெண்டு பதினாலுக்கு உங்க பதிலி பதில் சொல்லியிருக்கு. 'கொடு'ன்னு."

சிவசைலத்துக்கு முதலில் மகிழ்ச்சிதான் வந்தது. "பாத்தீங்களா? அப்ப பேட்டைக்காரங்க கணக்குலதான் தப்பு."

"இல்லை சார். அஞ்சு சதவீதத்துக்கு மேல குடுக்கணும்னா பதிலி உரிமையாளர்ட்ட ஒரு தடவை சொல்லிட்டுத்தான் குடுக்கும். முப்பது வினாடி காத்திருக்கும். தொடாம விட்டா குடுத்துரும். விதியில பதினாலாம் பக்கத்துல இருக்கு. யாரும் படிக்கிறதில்லை, நானே நேத்துதான் படிச்சேன். இருபத்தோராவது வினாடியில 'வேண்டாம்'னு திரையில தொட்டிருக்காங்க. அந்தத் திரை விரல் ரேகை பார்க்கும் சார். அது உங்க வலது கை ஆள்காட்டி விரல்."

சிவசைலம் தன் விரலைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்று தோன்றியதைத் தடுத்துக்கொண்டார். தூக்கத்தில் அலாரத்தை அமர்த்திவிட்டு, காலையில் அலாரமே அடிக்கவில்லை என்று சத்தியம் செய்வதை எத்தனை பேர் வீட்டில் பார்த்திருக்கிறோம். அவருக்கு எதுவுமே ஞாபகம் வரவில்லை. எவ்வளவு தோண்டினாலும் அந்த இரவில் ஒரு நல்ல, குளிர்ந்த தூக்கம் மட்டுமே இருந்தது.

"இப்ப என்ன செய்ய?" என்றார்.

"சம்மதத்தை நாளைக் காலை பத்து மணி வரைக்கும் வாபஸ் வாங்கலாம். கம்பெனிக்கு எதிரான வழக்குல கம்பெனி மெஷின் எழுதின பதிவை எப்படி நம்புறதுன்னு நான் வாதாடுவேன். அது நிக்கும். வாங்கணுமா வேண்டாமாங்கறது உங்க முடிவு. நான் அதைச் சொல்ல மாட்டேன்."

லாட்ஜ் அறைக்குத் திரும்பியபோது செண்பகவல்லி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் கட்டிலில் உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "செண்பா, அன்னிக்கு ராத்திரி நான் ஏதும் எந்திரிச்சேனா?" என்று கேட்டார்.

அவள் கை நின்றது. அந்தக் கேள்விக்காக ஒன்பது மாதமாகக் காத்திருந்தவளைப் போல, அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"எந்திரிக்கல. கையை நீட்டித் தொட்டீங்க. 'சவம், தூங்க விடமாட்டேங்குது'ன்னீங்க. திரும்பிப் படுத்துட்டீங்க."

"நீ முழிச்சிருந்தியா?"

"முழிச்சுத்தான் கெடந்தேன். பக்கத்து வண்டிக்கு மருத்துவத் தேவை, கரண்டு குடுக்கப் போறேன், வேண்டாம்னா தொடுங்கன்னு அது சொல்லுச்சு. என் காதுல நல்லா விழுந்துச்சு."

"ஏன் என்னை எழுப்பல?"

"வேற யாராச்சும் குடுப்பாகன்னு நெனச்சேன். நாலு மணிக்குக் கெளம்பணும்னு நீங்க சொல்லிக்கிட்டே இருந்தீங்க. உள்ள குளிர்ச்சியா நல்லா இருந்துச்சு." மடித்த சேலையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். "அந்தம்மாதான் கேக்குதுன்னும் தெரிஞ்சுச்சு. ஒரு நிமிசம் எந்திரிப்போமான்னு யோசிச்சுக்கிட்டே கெடந்தேன். அப்படியே தூங்கிட்டேன்."

சிவசைலம் அவளைத் திட்ட வாயெடுத்தார். என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை.

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"எங்க சொல்ல விட்டீங்க? டிவியில பேசுதீங்க. ஊரே கும்பிடுது. அந்த மனுசன் வந்து நம்ம வீட்டுல சாப்பிடுதாரு. நான் எந்த நேரத்துல சொல்ல?"

ஐந்து மணிக்கு வெயில் தாழ்ந்தபின் சிவசைலம் மாரப்பனைத் தேடிப் போனார். அவன் லாட்ஜ் வாசலில் டீ வாங்கிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் இன்னொரு டீ சொன்னான். இருவரும் நிழலில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்துத்தான் வந்திருந்தார். டீயில் பாதி குடித்த பின் சொன்னார்.

"மாரப்பன், என் வண்டிப் பதிவு வந்திருக்கு. பதிலி குடுக்கத்தான் பார்த்திருக்கு. நான்தான் வேண்டாம்னு தொட்டுட்டேன். தூக்கத்துல. என் விரல்தான்னு அதுல இருக்கு."

மாரப்பன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினான்.

"எழுதுவானுங்க சார். கம்பெனிக்காரன் எதை வேணாலும் எழுதுவான். நாளைக்குத் தோத்துருவோம்னு பயம் வந்திருச்சு, உங்க மேலயே திருப்பிவிடறான். நீங்க அதையப் போயி நம்புறீங்களே."

"இல்லை மாரப்பன்..."

"சார்." அவன் குரல் உயரவில்லை. "பக்கத்துல நல்ல மனுசங்க இருக்காங்க, பயமில்லாமத் தூங்குன்னு அவகிட்டச் சொல்லிட்டுத்தானுங்க நான் கண்ணை மூடுனேன். நீங்க அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க. அது எனக்குத் தெரியுமுங்க. இந்தப் பேச்சு இனி வேண்டாமுங்க."

சிவசைலம் மறுபடி வாயைத் திறக்க வேண்டியிருந்தது. என் மனைவி பார்த்திருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாரப்பன் கண்களில் நீர் நின்றது. அந்தக் கண்களில், கேட்டு இல்லையென்று சொல்லாத ஒரு வாத்தியார் இன்னும் இருந்தார். சிவசைலத்துக்கு நெஞ்சில் ஏதோ லேசானது. லேசானதை அவரே கவனித்தார், கவனித்துக் கூசினார். ஆனால் பேசவில்லை. டீயைக் குடித்து முடித்தார்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்குச் சம்மதத்தை வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எழிலரசி தாளை வாங்கிக் கோப்பில் வைத்தாள். அவள் வாதம் நின்றது. மூன்று மாதத்தில் தீர்ப்பு வந்தது. தூங்கும் மனிதனுக்குப் பதிலாக இயந்திரம் பதில் சொல்லக் கூடாது. உரிமையாளர் விழித்துத் தன் கையால் சம்மதித்தால் மட்டுமே மின்சாரம் கைமாற வேண்டும். அம்பாசமுத்திரத்தில் அவருக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் நடந்தது. மாரப்பன் தாராபுரத்திலிருந்து வந்து மேடையேறிச் சால்வை போட்டான். செண்பகவல்லி தலைவலி என்று வீட்டில் இருந்துவிட்டாள்.

அடுத்த கோடையில் ஒரு நாள் ஷகீலா பானு போன் செய்தாள். பரமத்தி வேலூர்ப் பேட்டையிலிருந்து பேசுவதாகச் சொல்லி, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள்.

"இருக்கும்மா. சொல்லுங்க."

"சார், இந்த மாசம் என் பேட்டையில மட்டும் மூணு பேர் போயிட்டாங்க. ஒண்ணு பச்சப்புள்ள. சங்ககிரிப் பேட்டையில ரெண்டு பேராம். ராத்திரி வண்டி கேட்டா ஒருத்தரும் முழிக்கிறதில்லை சார். சத்தம் வருதுன்னு அந்த மணியையே அமர்த்தி வச்சுட்டுத் தூங்கறாங்க. நான் ஒவ்வொரு கண்ணாடியா ஓடி ஓடித் தட்டறேன். முன்னாடி நான் நிம்மதியா இருந்தேன் சார், பத்துல ஏழு அதுவே குடுத்துரும்."

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"நாங்க பேட்டைக்காரங்க எல்லாம் சேர்ந்து, பதிலியைத் திரும்பக் கொண்டு வரச் சொல்லி மனுப் போடறோம் சார். நாங்க சொன்னா எடுபடாது. நீங்க வந்து, உங்க வண்டியில நடந்தது ஏதோ ஒரு தப்பு, அதுக்காக மொத்தத்தையும் நிறுத்த வேண்டாம்னு சொன்னீங்கன்னா கேப்பாங்க. நீங்க சொன்னா மட்டுந்தான் சார் கேப்பாங்க."

"யோசிச்சுச் சொல்லுதேம்மா" என்றார்.

"எப்ப சார் கூப்பிடட்டும்?"

"நானே கூப்பிடுதேன்."

அவர் கூப்பிடவில்லை. நாலு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். எடுக்காமல் விட்டுவிட்டு, குளித்துக்கொண்டிருந்ததாகப் பிறகு செண்பகவல்லியிடம் சொன்னார். அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டாள். பகல் மூன்று மணி. சிவசைலம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுத்திருந்தார். போன் தலைமாட்டில் அடித்தது. திரையில் பேர் தெரிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. செண்பகவல்லி வந்து எடுத்தாள்.

"சார் இருக்காங்களாம்மா? நேத்து ராத்திரி இன்னொண்ணு ஆயிருச்சு. மனுவை நாளைக்குக் குடுக்கணும்."

செண்பகவல்லி கட்டிலைப் பார்த்தாள். நாற்பது வருடம் பக்கத்தில் படுத்தவள். அவர் தூங்கும் மூச்சு எது, தூங்காத மூச்சு எது என்று அவளுக்குத் தெரியும். மூடிய இமைகள் துடித்தன. வலது கை வயிற்றின் மேல் மடங்கிக் கிடந்தது. அவள் போனைக் காதில் வைத்தபடி அப்படியே நின்றாள்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"அவுக தூங்குதாக" என்றாள் செண்பகவல்லி.

"அப்படிங்களா. சரிம்மா, எழுப்ப வேண்டாம். எந்திரிச்சதும் சொல்லுங்க."

"சரி" என்று போனை வைத்தாள். ஜன்னல் பக்கம் வெயில் வந்திருந்தது. திரையை இழுத்து மூடிவிட்டு, ஏசியை ஒரு எண் குறைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.